பணி நேரம் முடிந்த போலீஸ்காரரை விழாவுக்கு அமர்த்துவது: பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

கேள்வி: அக்டோபர் 6, 2024

எங்கள் தமிழ்ப் பள்ளியின் தீபாவளி விழா நவம்பர் 9ஆம் தேதி. நியூ ஜெர்சியில் ஒரு சிறிய டவுன்ஷிப்பில் பள்ளி அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 400 பேர் வருவார்கள். அனுமதி கேட்டு டவுன் ஹாலுக்குப் போனால், பணி நேரம் முடிந்த இரண்டு போலீஸ்காரர்களை எங்கள் செலவில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். விழா மூன்று மணி நேரம்தான். ஆனால் ஆளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டுமாம். மணிக்கு 95 டாலர், அதன்மேல் நிர்வாகக் கட்டணம் 15 டாலர், ஒரு ரோந்து காருக்கு மணிக்கு 25 டாலர். மொத்தம் 980 டாலர், அதுவும் முன்கூட்டியே. நாம் கட்டும் வரியில்தானே போலீசுக்குச் சம்பளம் போகிறது? இது ரசீது போட்டு வாங்கும் மாமூல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் மகனோடு கால்பந்து ஆடும் பையனின் அப்பா இதே ஊரில் போலீஸ்காரர். அவரிடம் நேரில் பேசி 300 டாலரைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. இதில் என்ன தவறு?

பதில்: அக்டோபர் 6, இரவு

கையில் கொடுக்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால், வேண்டாம் என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 7

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் ஊர்ச் சங்கத்தில் கணக்கும் வாகன நிறுத்தமும் என் பொறுப்பு. இந்தக் கட்டணச் சீட்டை முதல்முறை பார்த்தபோது நீங்கள் கொதித்ததைப் போலவே நானும் கொதித்தேன். அந்தக் கொதிப்பில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

2013 பொங்கல் விழா. எங்களுக்கும் தெரிந்த ஒரு காவலர் இருந்தார். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். 250 டாலரை ஒரு வெள்ளைக் கவரில் வைத்து நான்தான் கொடுத்தேன். முந்தைய இரவு முழுவதும் அவருக்கு ரோந்து. காலை ஏழு மணிக்கு அதை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். பனி உருகி மறுபடி உறைந்துபோயிருந்த நாள். பதினொரு மணிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். தன் சொந்தக் காருக்குள், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கை ஸ்டீயரிங்கின் மேல் கிடக்க, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இருபது நிமிடம் இருக்கும். எதிர்ப்புற மைதானத்தில் காரை விட்டுவிட்டு ஒரு குடும்பம் சாலையைக் கடந்தது. கடைசியாக வந்த பாட்டியின் மேல், மெதுவாக வந்து வழுக்கிய கார் ஒன்று இடித்தது. மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பாடம் தொடங்கியது. காப்பீட்டு நிறுவனம் கேட்ட முதல் கேள்வி: அங்கே நின்ற காவலர் யாருடைய ஊழியர்? அன்று அந்த இடத்தில் தங்கள் ஆள் யாரும் பணியில் இல்லை என்று டவுன்ஷிப் எழுதிக் கொடுத்துவிட்டது. எங்கள் ஊழியர் என்றால் ஊதியப் பதிவு எங்கே என்று காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள். எங்களிடம் பதிவு எதுவும் கிடையாது. அனுமதி இல்லாமல் சீருடையில் வேலை பார்த்ததற்காக அந்தக் காவலருக்குத் துறை நோட்டீஸ் வந்து, சில நாள் சம்பளமும் போயிற்று. பாட்டியின் மருத்துவச் செலவில் ஒரு பகுதியைச் சங்கப் பணத்திலிருந்து கொடுத்தோம். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது 680 டாலர். கொஞ்சம் யோசியுங்கள்.

அக்டோபர் 8

அந்த 980 டாலருக்கு என்னதான் கிடைக்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்குள்ள டவுன்ஷிப் விதிகள் ஊருக்கு ஊர் தொகையில் மாறும், எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். விழா நடத்துபவரோ சாலை தோண்டும் ஒப்பந்தக்காரரோ டவுன்ஷிப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும், காவலரிடம் அல்ல. பணத்தை முன்பணமாக ஒரு தனிக் கணக்கில் கட்ட வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதைத் துறை முடிவு செய்யும், பெரும்பாலும் முறைவைத்து. வேலை முடிந்ததும் மணிக் கணக்குச் சீட்டில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சம்பளம் டவுன்ஷிப்பின் ஊதியப் பட்டியல் வழியாக, வரி பிடித்துக்கொண்டு, காவலருக்குப் போகும். ஊரில் அவசரம் என்றால் உங்கள் விழாவை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்லத் தலைமைக் காவல் அதிகாரிக்கு உரிமை உண்டு.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, யாரை அனுப்புவது என்பதை நீங்கள் சொல்ல முடியாது என்பது. எங்கள் சங்கத்தில் இதை ஒரு குறையாகவே பல வருடம் பேசினோம். போன வருடம் வந்த அந்த நல்ல மனிதரையே அனுப்பக் கூடாதா என்று நானே டவுன் ஹாலில் கேட்டிருக்கிறேன். கூடாது என்றார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஒரு விதிக்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஏன் என்பது நியூ ஆர்லியன்ஸ் கதையைச் சொன்னால்தான் விளங்கும். வார இறுதியில் எழுதுகிறேன்.

நான்கு மணி நேரம் என்பது மட்டும் எனக்கும் கசப்புதான். விடுமுறை நாளில் ஒருவரை வீட்டிலிருந்து கிளம்பி வரவைப்பதற்கான விலை என்று சொல்வார்கள். பாஸ்டனிலும் அதே நான்கு மணி நேரம்தான்.

அக்டோபர் 9

ஒரு திருத்தம். நேற்று இரவு இன்னொரு இழையில், நிர்வாகக் கட்டணம் டவுன்ஷிப்பின் லாபம் என்று எழுதியிருந்தேன். டவுன் ஹாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தனிச் செய்தியில் விளக்கினார். பணியில் காயம்பட்டால் தர வேண்டிய இழப்பீட்டுக் காப்பீடு, ஊதியப் பட்டியல் வேலை, விண்ணப்பங்களைப் பார்க்கும் எழுத்தரின் நேரம் எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. நியூயார்க் நகரக் காவல் துறையும் 1998 முதல் தன் காவலர்களைச் சீருடையோடு தனியார் இடங்களுக்கு அனுப்புகிறது. அங்கே நிர்வாகக் கட்டணம் பத்து சதவீதம். உங்கள் ஊர்க் கணக்கு அதைவிட அதிகம், சுமார் 16 சதவீதம் வருகிறது. ஏன் என்று நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அங்கே கேட்பதற்கு வழி இருக்கிறது. கவரில் கொடுக்கும் பணத்துக்கு எந்தக் கூட்டத்தில் போய்க் கேள்வி கேட்பீர்கள்?

அக்டோபர் 12

நியூ ஆர்லியன்ஸ்.

அந்த ஊரில் இதற்கு டீடெயில் என்று பெயர். மார்டி கிரா என்ற திருவிழாவின் ஊர்வலங்கள், மதுக்கடைகள், திருமண வீடுகள், பணக்காரத் தெருக்களின் ரோந்து என்று எங்கு பார்த்தாலும் பணி முடிந்த காவலர்கள். வேலையைப் பிடித்துக் கொடுப்பவரும் ஒரு காவலர்தான். கடைக்காரரிடம் பேசி, ஆள் சேர்த்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். 2011 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை அந்த நகரக் காவல் துறையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த டீடெயில் முறையைத் துறைக்குள் ஓடும் ஊழலின் பெருந்தமனி என்று விவரம் அறிந்த ஒருவர் சொன்னதை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது.

எப்படி என்று பாருங்கள். காலையில் ஒரு மேலதிகாரி தன் கீழ் உள்ள காவலருக்கு உத்தரவிடுகிறார். மாலையில் அதே காவலர்தான் டீடெயில் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர், மேலதிகாரி அவரிடம் வேலைக்கு நிற்பவர். மறுநாள் காலை அந்தக் காவலர் தாமதமாக வந்தால் மேலதிகாரி என்ன கேட்பார்? வாய் திறக்க மாட்டார். அதே 2011இல் இன்னொன்றும் வெளியே வந்தது. ஒரு காவல் மாவட்டத் தளபதி தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, நகரத்தின் போக்குவரத்துக் கேமரா படங்களைச் சரிபார்க்கும் வேலையைத் துறைக் காவலர்களுக்கே கூலிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நீதித் துறையும் நகரமும் செய்துகொண்ட சீர்திருத்த உடன்பாட்டை 2013 ஜனவரியில் ஃபெடரல் நீதிமன்றம் ஏற்றது. அதன்படி, காவல் துறைக்கு வெளியே, சீருடை இல்லாத ஊழியர்கள் நடத்தும் ஒரு நகர அலுவலகம் இந்த வேலைகளை எல்லாம் கையில் எடுத்தது. விண்ணப்பம் அங்கே போகும், பணம் அங்கே போகும், யாருக்கு எந்த வேலை என்பது அங்கே முடிவாகும். காவலர்கள் போய் வேலை கேட்கக் கூடாது, டீடெயிலுக்கென்று நிறுவனம் நடத்தக் கூடாது. 24 மணி நேரத்தில் துறை வேலை, தனியார் வேலை எல்லாம் சேர்த்து 16 மணி 35 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பும் இருக்கிறது. அந்த 35 நிமிடத்தைப் படிக்கும்போதெல்லாம் 2013 பொங்கல் காலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இரவு ரோந்து முடித்தவரைக் காலையில் கொண்டுவந்து நிறுத்தியது நான். அவருக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் மிஞ்சும் என்று ஒரு முறைகூடக் கணக்குப் பார்க்கவில்லை. நானே கணக்குப் பொறுப்பாளர்.

அக்டோபர் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் நியூ ஆர்லியன்ஸில் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை. 2021இல் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று துறையின் பணிநேரப் பட்டியலையும் டீடெயில் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தது. சில காவலர்கள் ஒரே மணி நேரத்தில் இரண்டு இடத்திலும் வேலை பார்த்ததாகப் பதிவு இருந்தது. அலுவலகம் வந்ததால் திருட்டு நிற்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பட்டியல் இருந்ததே, அது அலுவலகம் வந்ததால்தான். கவர் முறையில் ஒரு பட்டியல்கூட இருந்திருக்காது.

அக்டோபர் 13

நியூ ஆர்லியன்ஸ் நமக்கு எதற்கு, அது தெற்கே எங்கோ இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜெர்சி சிட்டி தெற்கே எங்கும் இல்லை. நம்மில் பாதிப் பேர் முதல் வீடு பிடித்த ஊர் அது. அங்கே காவலர்கள் பலர், போகாத வேலைக்குச் சீட்டில் கையெழுத்திட்டுப் பணம் வாங்கியதை ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2017இல் ஓய்வு பெற்றிருந்த தலைமைக் காவல் அதிகாரியே அப்படி ஒப்புக்கொண்டார். பொதுக் குடியிருப்பு ஒன்றுக்குக் காவல் நின்றதாகச் சொல்லி, நிற்காத மணி நேரங்களுக்குச் சம்பளம் வாங்கியிருக்கிறார். பாதுகாப்பு வேண்டும் என்று ஏழைகள் குடியிருந்த இடம் அது. அந்தப் பணத்தில் போய்க் கை வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ. அதன்பின் மேயர் ஸ்டீவன் ஃபுலாப் 2018இல் அந்த முறையையே நிறுத்துவதாக அறிவித்தார்.

நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு வரி யார் கட்டுவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற மினியாபொலிஸ் காவலர் டெரிக் ஷோவின், அதற்கு முன் பல வருடங்கள் ஓர் இரவு விடுதியின் வாசலில் பணி நேரம் முடிந்தபின் காவல் நின்றவர். ஃபிளாய்டும் அதே விடுதியில் சில காலம் பாதுகாப்பு வேலை பார்த்தவர். அந்தக் காவல் வேலையில் வந்த வருமானத்தையும் கணக்கில் காட்டாமல் விட்டதற்காக மினசோட்டா மாநில வரி ஏய்ப்பு வழக்கு ஒன்றும் ஷோவின் மேல் வந்தது. 2023 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

உங்கள் மகனின் தோழனுடைய அப்பா அப்படிப்பட்டவர் என்று சொல்லவே வரவில்லை. அவரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 300 டாலருக்காக அவருடைய சீருடையைப் பணயம் வைக்கிறீர்கள்.

அக்டோபர் 15

"நம் ஊரில் போலீஸ்காரர் வேறு வேலையே பார்க்கக் கூடாது, இங்கே மட்டும் ஏன்?"

நம் ஊரிலும் முழுக்கக் கதவை அடைக்கவில்லை. இந்தியாவின் 1861 போலீஸ் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பத்தாம் பிரிவு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் காவலர் வேறு வேலையில் ஈடுபடக் கூடாது என்கிறது. 22ஆம் பிரிவு, காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. அப்படிப் பார்த்தால் பணி நேரம் முடிந்த காவலர் என்று ஒருவர் அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆனால் 13ஆம் பிரிவு? தேவை இருக்கிறது என்று காட்டி ஒருவர் விண்ணப்பித்தால் அவர் செலவில் கூடுதல் காவலர்களை அனுப்பலாம். அடுத்து வரும் வாசகத்தைத்தான் நான் மூன்று முறை படித்தேன். செலவு விண்ணப்பித்தவருடையது, ஆனால் அந்தக் காவலர்கள் முழுக்க முழுக்க மாவட்டக் கண்காணிப்பாளரின் உத்தரவுக்கு மட்டுமே உட்பட்டவர்கள். 163 வருடத்துக்கு முன்பு, குடிமக்கள்மேல் பெரிய அன்பு இல்லாத ஓர் அரசுகூட இந்த ஒரு கோட்டைப் போட்டுவைத்திருந்தது.

என் சித்தப்பா தென் மாவட்டம் ஒன்றில் தலைமைக் காவலராக இருந்தவர். தேர்த் திருவிழா பந்தோபஸ்து என்றால் மூன்று நாள் வீட்டுக்கே வர மாட்டார். கோயில் நிர்வாகம் கொடுக்கும் சாப்பாட்டை எல்லாரும் சாப்பிடுவார்கள். தர்மகர்த்தா வீட்டிலிருந்து தனியாக வரும் கேரியரை மட்டும் தொட மாட்டார். ஏன் சித்தப்பா என்று கேட்டதற்கு, "அதைத் தின்றுவிட்டு அவர் வீட்டுப் பையன் காரை எப்படி மறிப்பது?" என்றார்.

அக்டோபர் 16

திருத்தம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் நடப்பில் இருப்பது 1861 சட்டம் இல்லை, அதற்கும் முந்தைய 1859 சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் என்று மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். நான் எடுத்துக்காட்டிய பிரிவு எண்கள் 1861 சட்டத்துடையவை. சித்தப்பாவின் கேரியருக்குப் பிரிவு எண் தேவையில்லை என்பதால் அதை அப்படியே விடுகிறேன்.

அக்டோபர் 19

நான்கு நாளாக ஒன்று மனத்தைக் குடைகிறது. எழுதிவிடுகிறேன்.

இதுவரை பணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். வழி சுத்தமாக இருந்தாலும், சம்பளம் ஒருவருடைய பையிலிருந்து வருகிறது, அதிகாரம் ஊருடையது. நம் மொழியில் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் இருக்கிறது. இட்ட சோற்றுக்கு உயிரையும் கொடுப்பதைப் பெருமையாகப் பாடிய மரபு நம்முடையது. காவலருக்கு மட்டும் அந்தக் கடன் இருக்கவே கூடாது. இதை எனக்கு உறைக்கவைத்தது ஒரு பழைய வழக்கு.

வாஷிங்டன் நகரை ஒட்டி, மேரிலாந்தில் கிளென் எக்கோ என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. வெள்ளையர்களுக்கு மட்டும் அனுமதி. 1960 ஜூன் 30 அன்று சில கறுப்பின இளைஞர்கள் உள்ளே போய், நண்பர்கள் வாங்கி வைத்திருந்த டிக்கெட்டோடு குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பூங்காவின் தனியார் காவலாளி வந்து இறங்கச் சொன்னார். அவர் பூங்காவுக்காக வேலை பார்ப்பவர், ஆனால் பூங்காவின் கோரிக்கையின் பேரில் மாவட்டம் அவருக்குத் துணை ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி பதவியும் கொடுத்திருந்தது. அந்த வில்லையைச் சட்டையில் குத்தியிருந்தார். இறங்காத ஐந்து பேரைக் கைது செய்தார். அத்துமீறி நுழைந்த குற்றம் என்று தண்டனையும் ஆயிற்று. 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கூலி பூங்கா கொடுத்ததாக இருக்கட்டும், கைது செய்தது அரசின் அதிகாரத்தை வைத்து. ஆகவே அது அரசின் செயல், அரசு இனப் பாகுபாடு காட்ட முடியாது என்றது தீர்ப்பு.

ராட்டினத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். முதலாளியின் விருப்பத்தைச் சட்டத்தின் வில்லையை வைத்து ஒருவர் நிறைவேற்றுகிறார். நம் விழாவில் நாமே அந்த முதலாளி ஆகிவிட மாட்டோமா? ஆகியிருக்கிறோம். 2016இல் அரங்கத்துக்கு வெளியே யாரோ நான்கு பதின்ம வயதுப் பையன்கள், நம் பிள்ளைகள் அல்ல, படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கூலிக்கு வந்த காவலரிடம் போய் அவர்களைக் கிளப்பச் சொன்னார். அந்தக் காவலர் ஓர் இளம்பெண். "அவர்கள் எதுவும் செய்யவில்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கார்களைக் கவனிக்கப் போய்விட்டார். அன்று எங்கள் குழுவுக்கு முகம் சிவந்தது, காசு கொடுத்தும் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று. எனக்கும்தான். இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தால் கைகூப்புவேன். எங்கள் கையிலிருந்து நேரே கவர் வாங்கியிருந்தால் அவரால் அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க முடியுமா?

அக்டோபர் 19, இரவு

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 980 டாலர் கொடுக்க முடியாத சங்கம் என்ன செய்யும்? இரண்டு வருடம் முன்பு, சிறிய ஈழத்தமிழர் குழு ஒன்று மாவீரர் நாள் கூட்டத்துக்கு அரங்கம் கேட்டு, போலீஸ் செலவைப் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டு நிலவறையில் நடத்தியது. காசு இருப்பவனுக்குப் பாதுகாப்பு, இல்லாதவனுக்கு நிலவறை. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். லாபம் கருதாத சிறு குழுக்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ நகர மன்றத்தால் முடியும், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த ஆண்டு எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். கூட வருபவர்கள் எழுதுங்கள்.

அக்டோபர் 20

போலீஸுக்குப் பதில் வேறு ஆளை நிறுத்தலாமா என்று பாஸ்டனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். ஆமாம், எல்லா வேலைக்கும் போலீஸ்தான் வேண்டும் என்பதில்லை. மாசசூசெட்ஸில் சாலையில் குழி தோண்டினால்கூடப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பது நீண்ட கால வழக்கமாக இருந்தது. 2008இல் கவர்னர் டெவால் பேட்ரிக் மாநிலச் சாலைகளில் போலீஸ் அல்லாத, வண்டிகளை நிறுத்தி அனுப்பும் சாதாரணக் கொடி காட்டுபவர்களை அனுமதித்தார், பெரிய சண்டை நடந்தது. பாஸ்டன் நகரம் அதற்கு ஒப்புக்கொள்ள 2023 டிசம்பர் ஆயிற்று. காவலர்கள் எடுக்காத வேலைகளை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அந்த மாதம் காவலர்களின் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆனது. கேள்வி கேட்டவர் தன் டவுன்ஷிப்பில் இரண்டு காவலருக்குப் பதில் ஒருவரும், பயிற்சி பெற்ற கொடி காட்டுபவர் ஒருவரும் போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அக்டோபர் 22

கேட்டாராம். சாலை நகரச் சாலை என்பதால் இரண்டு பேரும் காவலர்தான் என்றுவிட்டார்கள். ஆனால் ரோந்து கார் கட்டாயம் இல்லையாம். 100 டாலர் குறைந்தது. 880.

அக்டோபர் 27

காவலர்களுக்கு முறுக்கு கொடுக்கலாமா என்று கேட்டு ஒரே நாளில் பதினோரு பதில்கள்! காவலர் தன் துறை விதிப்படி நடந்துகொள்வார். எல்லாருக்கும் வைத்திருக்கும் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாகப் பொட்டலம் கட்டி, பட்டுப்புடவைக் கடைப் பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். வேர்க்கடலை, முந்திரி இருக்கிறதா என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஒரு முறை முந்திரி பர்பி சாப்பிட்ட காவலர் ஒருவருக்கு உதடு வீங்கி, அவருக்கு நாங்கள் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாயிற்று.

நவம்பர் 10

நேற்று நானும் போயிருந்தேன். கேள்வி கேட்டவர் கேட்டுக்கொண்டதால் வாகன நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு காவலர்கள், இருவரையும் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒருவர் வந்தவுடன் சாலையைக் கால்நடையாக இரண்டு முறை கடந்து பார்த்தார். பின்பு எங்கள் ஆரஞ்சு நிறக் கூம்புகளில் ஆறை எடுத்து, நாங்கள் வைத்திருந்த இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி வைத்தார். திருப்பத்தில் வரும் காருக்குக் கூம்பு தெரியும் முன்பே மனிதர்கள் தெரிந்துவிடுகிறார்கள், அது தவறு என்றார். பத்து வருடமாகக் கூம்பு வைக்கிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை. 2013இல் அந்தப் பாட்டி நடந்து வந்ததும் இப்படி ஒரு திருப்பம்தான்.

விழா சீக்கிரம் முடிந்துவிட்டது. எட்டரைக்கே இரண்டாவது காவலரை அனுப்பிவிட்டார்கள். அவர் சீட்டில் மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தார். நான்கு மணி நேரத்துக்குத்தானே பணம் என்று நான் நினைவூட்டியதற்கு, "நின்ற நேரத்தை நான் எழுதுகிறேன், பணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். கையெழுத்திட்டேன். கால்பந்து அப்பாவும் குடும்பத்தோடு வந்திருந்தார், வேட்டி கட்டிக்கொண்டு, முன்வரிசையில்.

டிசம்பர் 4

கேள்வி கேட்டவர் எழுதுகிறார்: முதலில் 980 டாலரையும் கட்டியிருந்தாராம். எடுக்காத ரோந்து காருக்கான 100 டாலருக்கு நேற்று டவுன்ஷிப்பிலிருந்து காசோலை வந்திருக்கிறது. கூடவே மணிக் கணக்குச் சீட்டுகளின் நகல் இரண்டு. பள்ளிக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த பொருளாளர் தேடுவார்.